வாசலின் உயரம்

பழைய கட்டடம் ஒன்றைப் புனரமைக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் நாம் எல்லோரும் தலையாட்டிவிடுகிறோம். வேண்டாம் என்று சொல்பவன் வரலாற்றுணர்வு இல்லாதவனாகக் கருதப்படுவான் என்ற அச்சம் அதற்குக் காரணமாக இருக்கலாம். ஆனால் தலையாட்டுவதற்கு முன் கேட்கவேண்டிய கேள்விகள் சில இருக்கின்றன. நூறாண்டு நின்ற ஒரு கட்டடத்தின் எந்த ஆண்டை நாம் மீட்கப் போகிறோம்? அதை யாருக்காக மீட்கிறோம்? மீட்கப்பட்ட பின் அதன் வாசலில் யாருடைய பெயர் எழுதப்படும்? பொறியியலாளரிடமோ தொல்லியல் அதிகாரியிடமோ விட்டுவிடக்கூடிய கேள்விகள் அல்ல இவை. ஒழுக்கம் சார்ந்த கேள்விகள் என்றே எனக்குப் படுகின்றன.

சிறுநகரங்களின் பழைய தியேட்டர்களைப் பற்றி நண்பர்களுடன் பேச நேர்ந்தபோதுதான் இந்தக் கேள்விகள் எனக்குள் கூர்மையடைந்தன. மாத்தளை போன்ற ஒரு மலையகச் சிறுநகரத்தில் தியேட்டர் என்பது படம் காட்டும் இடம் மட்டுமாக இருந்ததில்லை. தோட்டத்திலிருந்து சம்பளநாளில் இறங்கி வந்த தொழிலாளியும், கடைத்தெரு முஸ்லிம் வியாபாரியும், சிங்களக் கிராமத்து விவசாயியும், கச்சேரி எழுதுவினைஞரும் ஒரே இருட்டில் ஒரே திசையை நோக்கி உட்கார்ந்த இடம் அது. கலரிக்கும் பல்கனிக்கும் இடையே விலையிலும் மரியாதையிலும் வேறுபாடு இருந்தது உண்மைதான். ஆனால் வசதியற்றவனுக்கும் நுழைய ஒரு கதவு இருந்தது. 1979இல் தொலைக்காட்சி வந்தது; 1982இல் ரூபவாஹினி வந்தது. 1983இல் தமிழருக்குச் சொந்தமான படமாளிகைகள் பல நாடெங்கும் எரிந்தன. 1970களின் இறுதியில் முந்நூறுக்கும் மேல் இருந்த படமாளிகைகள் பின்னர் ஏறத்தாழப் பாதியாகச் சுருங்கின. எத்தனையோ ஊர்களில் அவை களஞ்சியமாகவும் கல்யாண மண்டபமாகவும் கடைத்தொகுதியாகவும் மாறிவிட்டன.

இவற்றுள் ஒன்றைப் புதுப்பிப்பதானால் எதைப் புதுப்பிப்பது? சுவரையும் மேடையையும் மீளக் கட்டிவிடலாம். அந்த இருட்டில் ஒன்றாக உட்கார்ந்த மனிதரை எப்படி மீட்பது? விடை தேடி நான் முதலில் பார்க்க விரும்புவது ஒரு தியேட்டரை அல்ல. எங்கள் மாவட்டத்திலேயே புனரமைப்பின் மிகக் கடினமான முன்மாதிரி ஒன்று நிற்கிறது.

மாத்தளையிலிருந்து தம்புள்ளை செல்லும் ஏ-9 வீதியில் நாலந்தையில் இறங்கிக் கிழக்கே சற்றுத் தூரம் நடந்தால் நாலந்தா கெடிகே வரும். முற்றிலும் கருங்கல்லால் ஆனது. பல்லவர் காலக் கோயில்களை நினைவூட்டும் திராவிடக் கட்டட அமைப்பு. அதைப் பயன்படுத்தியவர்களோ பௌத்தர்கள். எட்டாம் நூற்றாண்டென்றும் அதற்குப் பிந்தியதென்றும் அறிஞர்கள் காலம் கணிக்கிறார்கள். இந்துக் கோயிலின் உடலில் பௌத்த வழிபாடு குடியிருந்தது என்பதில் அவர்களுக்குக் கருத்து வேறுபாடில்லை. மகாவலித் திட்டத்தின் கீழ் போவத்தென்ன நீர்த்தேக்கம் அமைக்கப்பட்டபோது அக்கட்டடம் நீரில் மூழ்கும் நிலை வந்தது. 1975இல் அதைக் கல் கல்லாகப் பிரித்தெடுக்கத் தொடங்கினார்கள். நீர்மட்டத்துக்கு மேலே ஒரு மேட்டில் அதை மீண்டும் அடுக்கி முடித்தபோது 1980 ஆகிவிட்டது. இன்று மூன்று பக்கமும் நீர் சூழ அது நிற்கிறது.

வயல்நிலத்தில் நின்ற கட்டடம் அணைக்கரைக்குப் போய்விட்டது. அப்படியானால் அது அதே கட்டடந்தானா? கற்கள் அவையே; நிலம் வேறு. வழிபட்டவர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே போய்விட்டார்கள். ஆயினும் அந்த இடமாற்றத்தைக் குறைசொல்ல என்னால் முடியவில்லை. அதைச் செய்தவர்கள் ஒரு காரியத்தைச் செய்யாமல் விட்டார்கள் என்பதற்காகவே அவர்களை மதிக்கிறேன். அந்தக் கலப்பை அவர்கள் சுத்தப்படுத்தவில்லை. இது இந்துவா பௌத்தமா என்று தீர்ப்பெழுதி ஒரு பகுதியைத் தூக்கி எறியவில்லை. கலப்பாகக் கிடைத்ததைக் கலப்பாகவே மேட்டில் ஏற்றி வைத்தார்கள். புனரமைப்பில் மிக அரிதான நேர்மை இது.

இனி ஒரு நாடக மண்டபத்துக்கு வருகிறேன். இலங்கையில் மீட்டெடுக்கப்பட்ட அரங்குகளுள் மிகவும் பேசப்படுவது கொழும்பு மருதானையில் உள்ள டவர் மண்டபம். ஹென்ட்ரிக் செனவிரத்ன கட்டியது. 1911 டிசம்பர் 6ஆம் திகதி சார்ள்ஸ் டயஸின் 'பண்டுகாபய' நாடகத்துடன் அது திறக்கப்பட்டது. நூர்த்தி நாடகத்தின் பொற்காலம் அந்த மேடையோடு இணைந்தது. பேசும் படங்கள் வந்தபின் நாடகம் தேய்ந்தது, மண்டபமும் படமாளிகையாயிற்று. 1978இல் அது புதுப்பிக்கப்பட்டு மீண்டும் நாடக அரங்காகியது. அதே ஆண்டில் சட்டமொன்றின் மூலம் டவர் மண்டப அரங்க மன்றமும் நிறுவப்பட்டது. நலிந்திருந்த முதிய கலைஞர்களுக்கு உதவுவதும் அதன் பணிகளில் ஒன்றாயிற்று. சுவரோடு நின்றுவிடாமல் அந்த மேடையில் பாடி ஓய்ந்தவர்களையும் நினைத்ததால் அது நல்ல புனரமைப்பு என்பேன்.

ஆனால் நூர்த்தி எங்கிருந்து வந்தது? 1880களில் பம்பாயிலிருந்து வந்த பார்சி நாடகக் கம்பனிகளிடமிருந்து. கம்பனிகள் பார்சிகளுடையவை. அவற்றின் மொழி பெரும்பாலும் உருது; அவற்றுக்கு எழுதியவர்களுள் முஸ்லிம் முன்ஷிகள் பலர். அக்கம்பனிகள் ஊர் ஊராகக் கொண்டுசென்ற 'இந்தர் சபா'வை 1853இல் லக்னோவில் எழுதியவர் ஆகா ஹசன் அமானத். ஜோன் டி சில்வா தன் சிங்கள நாடகங்களுக்கு இசையமைக்க விஸ்வநாத் லௌஜி என்ற இந்திய இசையாசிரியரை வரவழைத்தார். இந்துஸ்தானி ராகங்கள் சிங்கள மேடையின் சொந்த ராகங்களாகிவிட்டன. பின்னர் கிராமபோன் காலத்தில் கவுஸ் மாஸ்டர் என்றழைக்கப்பட்ட மொஹமட் கவுஸ் சிங்களப் பாடல்களுக்கு மெட்டமைத்தார். 1919இல் சேலத்தில் பிறந்து இங்கு வந்த மொஹிதீன் பேக், பௌத்த பக்திப் பாடல்களின் குரலாகவே மாறினார். வெசாக் பந்தல்களில் ஒலித்த அந்தக் குரல் ஐவேளைத் தொழுகையாளியொருவருடையது என்பதைச் சிங்கள ரசிகர்கள் அறிந்தே ரசித்தார்கள்.

அந்த மேடையில் பாடப்பட்டதோ பெரும்பாலும் சிங்கள மன்னர்களின் பெருமை. தேசிய எழுச்சியின் காலம் அது. டவர் மண்டபம் திறந்து நான்கு ஆண்டுகள் நிறையுமுன், 1915இல் கண்டியில் தொடங்கிய சிங்கள - முஸ்லிம் கலவரம் மாத்தளைக்கும் கொழும்புக்கும் பரவியது. கடைகள் எரிந்தன, பள்ளிவாசல்கள் தாக்கப்பட்டன. மேடையில் ஒலித்த மெட்டுகளின் வழியை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. கலை மனிதரை இணைக்கும் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். தந்தவனின் பெயர் அழிந்துவிட்டால் அவன் தந்ததைப் பாடிக்கொண்டே அவனை அடிக்கவும் முடியும் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டியிருக்கிறது. ஆகவேதான், புதுப்பித்த மண்டபத்தின் சுவரில் எந்தப் பெயர்கள் இருக்கின்றன, எவை இல்லை என்பதை நான் அலங்கார விஷயமாகக் கொள்வதில்லை.

இவ்விடத்தில் நம்மவர்களிடமிருந்தே ஓர் ஆட்சேபம் வரும். மார்க்கப் பற்றுள்ள நண்பர் ஒருவர் என்னிடம் நேராகவே கேட்டார்: "கூத்தாடிய கொட்டகை விழுந்தால் நமக்கென்ன? ஓலைக் குடிசையில் குமர்கள் இருக்கும்போது தியேட்டருக்குக் கூரை போடுவதா?" கேள்வியின் இரண்டாம் பாதிக்கு நான் முழுமையாகத் தலைவணங்குகிறேன். இருப்பவனுக்குக் கூரையில்லாத ஊரில் இறந்தகாலத்துக்குக் கூரை போடுவது முதற்கடமையாக முடியாது. எல்லாத் தியேட்டரையும் காப்பாற்ற வேண்டும் என்று நான் வாதிடவும் இல்லை.

முதற்பாதியைத்தான் ஏற்க முடியவில்லை. பெருநாளன்று அபிசீனியர்கள் மஸ்ஜிதுந் நபவியில் ஈட்டி விளையாட்டு ஆடியபோது நபி (ஸல்) அவர்கள் அதைத் தாமும் பார்த்தார்கள். ஆயிஷா (ரலி) அவர்களும் பார்க்க இடமளித்தார்கள். உமர் (ரலி) அவர்கள் தடுக்க முனைந்தபோது, விட்டுவிடுமாறு சொன்னார்கள். இந்தச் செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. எல்லாக் கேளிக்கைக்கும் இதை அனுமதிச் சீட்டாக்க முடியாதுதான். கூடியிருந்து பார்ப்பது என்பதே நமக்கு அந்நியமானது என்று சொல்லவும் முடியாது. தமிழ் முஸ்லிம்களின் இலக்கியத்தில் அலிபாதுஷா நாடகம், அப்பாசு நாடகம் என்ற பெயர்கள் வெறுமனே வந்து சேரவில்லை. நம் முன்னோர் நாடகம் எழுதினார்கள், பார்த்தார்கள். "அது நம்முடையதல்ல" என்று நாமே கைகழுவிவிட்டு, பிறகு வரலாற்றில் நமக்கு இடமில்லை என்று முறைப்படுவதில் நியாயமில்லை.

புனரமைப்பின் ஒழுக்கம் பற்றி நம் மரபில் ஆழமான பாடம் ஒன்று இருக்கிறது. புனித கஃபாவையும் நாடக மண்டபத்தையும் நான் ஒப்பிடுவதாக யாரும் எண்ணிவிடக்கூடாது, அல்லாஹ் காப்பானாக. கட்டுதல், இடித்தல், மீளக்கட்டுதல் பற்றிய சிந்தனையை நம் முன்னோர் அங்கிருந்தே கற்றார்கள் என்பதால் சொல்கிறேன்.

நபித்துவத்துக்கு ஐந்தாண்டுகளுக்கு முன்னர் குறைஷியர் கஃபாவை மீளக் கட்டினார்கள். வட்டிப் பணமோ விபசாரத்தின் வருவாயோ பறித்த பொருளோ இதில் சேரக்கூடாது என்று அந்த ஜாஹிலிய்யா மக்களே நிபந்தனை வைத்தார்கள். தூய பணம் போதவில்லை. அழுக்குப் பணத்தால் நிரப்புவதற்குப் பதிலாக ஒரு பகுதியைக் கட்டாமலே விட்டார்கள். ஹிஜ்ர் இன்றும் சுவருக்கு வெளியே இருப்பதற்கு அதுவே காரணம். அதே மக்கள் இன்னொன்றும் செய்தார்கள். வாசலை உயரத் தூக்கி வைத்தார்கள். வேண்டியவரை ஏற்றவும் வேண்டாதவரைத் தடுக்கவும் அது வசதி. பணத்தில் அத்தனை பேணுதலாய் இருந்தவர்கள் வாசலில் தவறினார்கள்.

நபி (ஸல்) அவர்கள் ஆயிஷா (ரலி) அவர்களிடம், உம்முடைய கூட்டத்தார் ஜாஹிலிய்யாவிலிருந்து அண்மையில் விடுபட்டவர்களாக இல்லாதிருந்தால் கஃபாவை இப்ராஹீம் (அலை) அவர்களின் அடித்தளத்தில் கட்டி, தரைமட்டத்தில் இரு வாசல்கள் வைத்திருப்பேன் என்ற கருத்தில் சொன்னார்கள். சரியான வடிவம் எதுவென்று அறிந்திருந்தும், மக்களின் மனம் உடையும் என்பதற்காக அதை விட்டார்கள். பின்னர் 684ஆம் ஆண்டளவில் இப்னு ஸுபைர் (ரலி) அவர்கள் அந்த விருப்பப்படியே கட்டினார்கள். 693இல் ஹஜ்ஜாஜ் அதை மாற்றிக் குறைஷியரின் வடிவத்துக்கே கொண்டுபோனார். அப்பாசியக் கலீபா ஒருவர் மறுபடியும் இப்னு ஸுபைரின் வடிவத்துக்கு மாற்ற விரும்பி இமாம் மாலிக்கிடம் கேட்டபோது, அல்லாஹ்வின் வீட்டை அரசர்களின் விளையாட்டுப் பொருளாக்கிவிடாதீர்கள் என்று இமாம் தடுத்ததாக வரலாறு கூறுகிறது.

இதிலிருந்து நான் பெறுவது இதுதான்: அசலான வடிவம் எது என்று அறிந்திருப்பது மட்டும் அதை மீட்டெடுக்கும் உரிமையைத் தந்துவிடாது. ஒரு கட்டடத்தின் மூலவடிவம் இதுவே என்று சொல்லிக்கொண்டு அதன்மேல் கைவைக்கும் ஒவ்வோர் ஆட்சியாளனும் தன் காலத்தின் அரசியலை அதில் கட்டுகிறான். மூலத்தை விரும்புவது தவறல்ல. அந்த விருப்பத்தை இன்று வாழும் மனிதரின் மேல் ஓங்கும்போதுதான் தவறு தொடங்குகிறது.

இது வெறும் தத்துவம் அல்ல என்பதை எங்கள் மாவட்டமே காட்டியிருக்கிறது. 2012 ஏப்ரல் 20, ஒரு வெள்ளிக்கிழமை. தம்புள்ளையில் பல பத்தாண்டுகளாகத் தொழுகை நடந்துவந்த பள்ளிவாசலைப் பெருங்கூட்டமொன்று முற்றுகையிட்டது. இது புனித பூமி, இங்கே அது இருக்கக்கூடாது என்பது அவர்களுடைய வாதம். அன்றைய ஜும்ஆ அங்கு நடைபெறவில்லை. ஈராயிரம் ஆண்டுப் பழமையின் பெயரால் அறுபது ஆண்டுத் தொழுகை செல்லாக்காசாக்கப்பட்டது. தம்புள்ளைக் குகைகளின் பழமையை நானும் மதிக்கிறேன். அவற்றின் சித்திரங்களைப் பார்த்து வியந்திருக்கிறேன். ஆனால் பழமை எவ்வளவு பெரிதானாலும் அது ஒருவனுடைய தொழுகைப் பாயைச் சுருட்டச் சொல்லும் அதிகாரமாகிவிடக் கூடாது. அதே தம்புள்ளையிலிருந்து ஒரு மணி நேரத்துக்கும் குறைந்த தூரத்தில், எவரையும் வெளியேற்றாமல் மேட்டில் ஏறி நிற்கிறது கெடிகே. இரண்டும் ஒரே மாவட்டத்தில் இருப்பதை நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

எரிக்கப்பட்ட கட்டடங்களைப் புனரமைப்பது இன்னும் சிக்கலானது. மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் 1983 ஜூலை வன்செயலில் தீக்கிரையானது, தேர்களும் எரிந்தன. இன்று 108 அடி இராஜகோபுரத்துடன் அது நகரின் நுழைவாயிலிலேயே நிமிர்ந்து நிற்கிறது. வெளியூரிலிருந்து வந்து படம்பிடித்துச் செல்பவருக்கு அந்தத் தீ தெரியாது. 1981இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தை மீளக் கட்டும் பேச்சு வந்தபோது, சிதைந்த கட்டடத்தைச் சாட்சியாக அப்படியே விட்டுவிட வேண்டும் என்று சிலர் வாதிட்டார்கள். வெள்ளையடித்துக் குற்றத்தை மறைக்கிறார்கள் என்ற அவர்களின் ஐயம் வெறும் பிடிவாதமல்ல. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலான பின் சுவரை மட்டும் அதே அச்சில் எழுப்புவது, எதுவுமே நடக்கவில்லை என்று சொல்வதுபோல் இருக்காதா?

எனினும் அடியார்களுக்குக் கோயில் வேண்டும். மாணவர்களுக்கு நூலகம் வேண்டும். சாட்சிக்காக அவர்களை வெட்டவெளியில் நிறுத்திவைக்க எவருக்கும் உரிமையில்லை. மீளக் கட்டவும் வேண்டும், எரிந்தது என்று அதே சுவரில் எழுதியும் வைக்க வேண்டும் என்பதே என் முடிவு. மீளக் கட்டாமல் விடுவது எரித்தவனின் வேலையை நிறைவேற்றிக் கொடுப்பதாகும். எழுதாமல் விடுவது அவனுக்குப் பிணை கொடுப்பதாகும்.

இங்கே நமது வக்பு மரபு எனக்குத் தெளிவு தருகிறது. ஒரு தோட்டத்தை ஏழைகளுக்காக வக்பு செய்தவர் அந்த மரங்களை அல்ல, அவற்றின் பயனையே கொடுக்கிறார். பயன் யாருக்கென்று அவர் வைத்த நிபந்தனையைச் சட்டமூலத்துக்கு ஒப்பாகப் புகஹாக்கள் மதித்தார்கள். பாழடைந்த வக்பை மாற்றிக்கொள்ளவும் இடம்பெயர்க்கவும் ஹனபி, ஹன்பலி அறிஞர்கள் வழிவிட்டார்கள். கூபாவில் பள்ளிவாசலை இடம்மாற்ற உமர் (ரலி) அவர்கள் பணித்ததை அதற்கு ஆதாரமாகவும் காட்டினார்கள். கல் மாறலாம், இடமும் மாறலாம், பயனுக்குரியவர் பறிபோகக்கூடாது. தியேட்டர் வக்பு அல்ல என்பது தெரியும். ஆயினும் பொதுமக்களின் சில்லறையில் பல்லாண்டு வாழ்ந்த ஒரு கட்டடம், உறுதியில் யார் பெயர் இருந்தாலும், ஓரளவுக்கு அவர்களிடமிருந்து பெற்ற அமானிதமே.

அப்படிப் பார்த்தால், ஒரு சிறுநகரத்தின் பழைய தியேட்டரை மீட்பவர் செய்யவேண்டியவை எனக்குத் தெளிவாகின்றன. அதற்கான பணம் எங்கிருந்து வருகிறது என்று குறைஷியரைப் போலவாவது அவர் கேட்கவேண்டும். அரசியல்வாதியின் கல்வெட்டுக்காகக் கட்டுவதைவிட ஒரு பக்கத்தைக் கட்டாமல் விடுவது மேல். அங்கே உழைத்தவர் பெயர்களைத் திரட்டவேண்டும். படம் ஓட்டியவரும், டிக்கட் கிழித்தவரும், சுவரொட்டிப் பசை காய்ச்சியவரும், இடைவேளையில் கடலை விற்றவரும் எந்த இனம் என்று பாராமல் எழுதப்படவேண்டும். அது எரிந்திருந்தால் எரிந்த நாளும் எழுதப்படவேண்டும். இவர்களை நினைவில் வைத்திருக்கும் முதியவர்கள் ஒவ்வொருவராக மௌத்தாகிக்கொண்டிருக்கிறார்கள். கூரை சில ஆண்டுகள் காத்திருக்கும். அவர்கள் காத்திருக்க மாட்டார்கள். கட்டடம் மீளாவிட்டாலும் இந்தக் கணக்கை எழுதி முடிக்க நம் போன்ற எழுத்தாளர்களுக்குப் பேனாவைத் தவிர எந்தச் செலவும் இல்லை.

இறுதியாக, வாசல். புதுப்பித்த மண்டபங்களில் பளிங்குப் படிகளும் குளிரூட்டியும் வந்துவிடுகின்றன. கூடவே நுழைவுக் கட்டணமும் உயர்ந்துவிடுகிறது. முன்பு கலரியில் இருந்தவனின் பேரப்பிள்ளை வெளியே நின்று கட்டடத்தைப் பார்க்கிறது. கல்லெல்லாம் பழையபடியே இருக்கும். மேடையும் அதே மேடைதான். ஆனால் யாருக்காக அது இருந்ததோ அவர்கள் உள்ளே இல்லையென்றால் அங்கே மீட்கப்பட்டது எதுவுமில்லை. ஒரு புனரமைப்பைப் பாராட்ட என்னை அழைப்பவர்கள் கோபுரத்தைக் காட்டவேண்டியதில்லை. தோட்டத்திலிருந்து இறங்கி வருபவனுடைய கால் தடுக்காமல் நுழையும் உயரத்தில் வாசற்படி இருக்கிறதா என்பதைக் காட்டினால் போதும்.